மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது

142. கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடம் போகும் எந்தப் பிள்ளையிடம் இந்த எண்ணைச் சொன்னாலும் முல்லைப் பெரியாறு என்று பதில் வரும். மே மாதம் முடிந்துவிட்டால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் டீக்கடைகளில் முதல் பேச்சே "அணை எத்தனை அடி?" என்பதுதான். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்களா, நாற்றங்கால் பாவலாமா, நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டுக் கணக்கு மொத்தமும் அந்த அடிக்கணக்கில்தான் நிற்கிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணீர்தான் ஆதாரம். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் அதுவே போகிறது.

மலை ஏறி குமுளியைத் தாண்டினால் அதே எண்ணைக் கேட்டதும் முகம் மாறுகிறது. வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை என்று அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வரிசையாக ஊர்கள். மழை விடாமல் பெய்யும் நாட்களில் நீர்மட்டம் ஏற ஏற அங்கே தூக்கம் போகிறது. மதகு எப்போது திறப்பார்கள், இரவிலா பகலிலா என்று காத்திருக்கும் வீடுகளில் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளும் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் கேரள அரசு தமிழிலேயே அச்சிட்டுத் தரும் பாடநூல்களைத் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். மொழி ஒன்று, மலை ஒன்று, ஆறு ஒன்று. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையின் பயம் தெரியாது. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இங்கே காயும் வயலும் தெரியாது.

உலகக் குடிமைக் கல்வி என்று பேசும்போது நான் இந்த இரண்டு பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

2012-ல் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பான் கி மூன் தொடங்கிய கல்வி முன்னெடுப்பின் மூன்று முதன்மை நோக்கங்களில் உலகக் குடிமை உணர்வும் ஒன்று. 2015-ல் உலக நாடுகள் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற இலக்கு, 2030-க்குள் எல்லா மாணவர்களுக்கும் மனித உரிமை, சமாதானம், பன்மைப் பண்பாடு, உலகக் குடிமை ஆகியவற்றைக் கற்றுத்தர வேண்டும் என்கிறது. அதே ஆண்டு யுனெஸ்கோ, எந்த வயதுக்கு எதைச் சொல்லித்தருவது என்று வழிகாட்டி நூலும் வெளியிட்டது. நம் ஒன்றிய அரசின் 2020 தேசியக் கல்விக் கொள்கையும் செயற்கை நுண்ணறிவு, சுற்றுச்சூழல் கல்வி ஆகியவற்றோடு உலகக் குடிமைக் கல்வியையும் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்காமல் 2025 ஆகஸ்டில் தனக்கென ஒரு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. அந்தச் சண்டைக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. எந்தக் கொள்கையாக இருந்தாலும் கடைசியில் அது ஒரு வகுப்பறைக்கு வந்து சேர வேண்டும். கம்பத்தில் ஓர் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அது என்னவாக இருக்கும் என்பதே நமக்குக் கேள்வி.

புத்தகத்தில் என்ன இருக்கிறது?

நியாயமாகச் சொன்னால், நம் பாடநூல்கள் வெறுமையாக இல்லை. 2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய சமூக அறிவியல் நூல்கள் முந்தையவற்றைவிட எவ்வளவோ மேல். எட்டாம் வகுப்பில் மனித உரிமைகளும் ஐ.நா. சபையும் பாடமாக இருக்கின்றன. ஒன்பதிலும் மனித உரிமை வருகிறது. பத்தாம் வகுப்பில் உலகப் போர்கள், வெளியுறவுக் கொள்கை, உலகமயமாதல், வர்த்தகம் என்று எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்புக் குடிமையியலில் சமத்துவம் பற்றிய பாடம், ஒரு கூட்டத்து மனிதர்களைப் பற்றி நாம் முன்கூட்டியே மனதில் எழுதிவைத்துக்கொள்ளும் தவறான எண்ணங்களைப் பற்றிப் பேசுகிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர நினைத்த பாடநூல் குழுவைப் பாராட்டத்தான் வேண்டும்.

குறை எங்கே என்றால், அந்தப் பாடம் பிள்ளையின் தெருவுக்கு இறங்கி வருவதில்லை. ஐ.நா. சபை தொடங்கிய நாள் 1945 அக்டோபர் 24 என்பது ஒரு மதிப்பெண். பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்து என்பது இன்னொரு மதிப்பெண். மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10 என்று கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு பிள்ளை அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. அந்தப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த வாசகத்தை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவர் இந்தியாவிலிருந்து போன ஹன்சா மேத்தா. இது தெரிந்தால் ஒரு பெண் குழந்தைக்கு அந்தத் தேதி தானாகவே மறக்காது.

உரிமை என்றால் என்ன என்று கேட்க இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்று பெயர்ப்பலகை தாங்கிய பள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளி என்று எழுதி, ரேகை பதியவைத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கவைத்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் காலத்தில் முளைத்தவை அவை. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது 1947-ல். அடுத்த ஆண்டுதான் மனித உரிமைப் பிரகடனம். தாத்தாவின் கைரேகையையும் உலகப் பிரகடனத்தையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து வைத்துப் பேச முடிகிற ஊர்கள் உலகில் எத்தனை இருக்கும்?

ஏலக்காய் போகும் தூரம்

விடியற்காலையில் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம் பக்கம் நின்று பாருங்கள். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். ஏலச்செடியில் காய் தரையோரச் சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தபடி, பழுத்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். அந்தக் காய் இடுக்கியின் புத்தடியிலும் தேனியின் போடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வந்து, அங்கிருந்து வளைகுடா நாடுகளின் காப்பிக் கோப்பை வரைக்கும் போகிறது.

விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? உலகத்தில் இன்று ஏலக்காய் அதிகம் விளைவிக்கும் நாடு குவாத்தமாலா. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்ட பயிர் அங்கே இப்படிப் பெருகிவிட்டது. குவாத்தமாலாவில் மழை பொய்த்தால் போடியில் விலை ஏறும். அங்கே நன்றாக விளைந்தால் இங்கே தோட்டக்காரர் ஆள் குறைப்பார். இந்தச் சங்கிலியை அம்மா தினமும் ஜீப் ஏறும் வீட்டுப் பிள்ளையைவிட யாரால் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்? பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று சவுதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பிய காலமும் உண்டு. அந்த மருந்து சவுதிக்காரரின் கோப்பைக்குப் போவதற்கு முன் தோட்டத்தில் நிற்பவர்களின் மூச்சில்தான் கலக்கிறது. அயல்நாட்டு நுகர்வோரின் உடல்நலமும் கோம்பைப் பெண்ணின் உடல்நலமும் ஒரே விஷயம் என்பதை பத்தாம் வகுப்பு வர்த்தகப் பாடத்தில் ஒரு பக்கமாகச் சேர்த்தால் என்ன?

கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ரகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். தமிழ்நாட்டுக்குத் திராட்சையைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னி குவிக் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புனேயில் 1841 ஜனவரி 15 அன்று பிறந்து 1911-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் மறைந்த அந்தப் பொறியாளருக்குப் பொங்கல் அன்று பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-ல் மணிமண்டபம் வந்தது. 2022-ல் கேம்பர்லியிலும் தமிழ்நாடு அரசு சிலை நிறுவியது. பிற தேசத்தவர் ஒருவரை இப்படி வீட்டு மனிதராக்கிக்கொண்ட மக்களுக்கு உலகக் குடிமை அந்நியமான சரக்கு அல்ல. அதே மூச்சில், அணை கட்டும்போது காய்ச்சலிலும் காலராவிலும் இறந்த நூற்றுக்கணக்கான கூலிகளையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அணையருகே காட்டுக்குள் கல்லறைகள் இருக்கின்றன. இங்கே எவரும் அவர்கள் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில்லை.

2011 டிசம்பர்

பேசத் தயங்கும் இடத்துக்கு வருவோம். அந்த ஆண்டு இடுக்கியில் அடுத்தடுத்துச் சிறு நில அதிர்வுகள். அணை உடையும் என்ற பீதி கேரளத்தில் பரவியது. அணை உடைவதைக் கதையாக்கிய 'டேம் 999' திரைப்படம் நவம்பரில் வந்தது. தமிழ்நாடு அதைத் தடை செய்தது. டிசம்பரில் குமுளி எல்லை மூடிக்கொண்டது. ஏலத்தோட்டத்துக்குப் போன நம் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டு மூட்டை முடிச்சோடு காட்டுப்பாதையில் இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். போலீஸ் லோயர் கேம்பில் மறித்தது. இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகள் இன்று வாக்காளர்கள், விவசாயிகள், சிலர் ஆசிரியர்கள். அந்த டிசம்பரைப் பற்றி வகுப்பறையில் உட்கார்ந்து பேச அவர்களுக்கு யாரும் வாய்ப்புத் தரவில்லை.

தண்ணீர் உரிமையில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 ஆண்டுக்குக் குத்தகை போடப்பட்டது. 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. 1970-ல் கேரளத்தோடு அது புதுப்பிக்கப்பட்டு வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. அணையில் மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்குப் போனது. அணையைப் பலப்படுத்திய பிறகு 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. அதைத் தடுக்கக் கேரளம் கொண்டுவந்த சட்டம் செல்லாது என்று 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அணை பாதுகாப்பானது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. இதை நம் பிள்ளைகள் திருத்தமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடவே இன்னொன்றும் தெரிய வேண்டும். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். முல்லைப் பெரியாறு பற்றிய பயம் கேரளத்தில் பற்றிக்கொண்டதும் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டதும் அந்தச் சமயத்தில்தான். 2018 பெருவெள்ளத்திலும், 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோதும் அந்தப் பயம் மறுபடி எழுந்தது. தீர்ப்பு வந்துவிட்டதால் வண்டிப்பெரியாற்றுத் தாய் நிம்மதியாகத் தூங்கிவிடுவாள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. பயத்தை வழக்கில் தோற்கடிக்கவும் முடியாது. அணை எப்படிக் கட்டப்பட்டது, எப்படிப் பலப்படுத்தப்பட்டது, மதகு திறக்கும்போது யாருக்கு எப்போது தகவல் போகிறது என்று உட்கார்ந்து பேசித்தான் குறைக்க முடியும்.

நடுவில் ஒரு வெற்றுப் பத்தி

இப்படிப்பட்ட பகையைப் பாடப்புத்தகத்துக்குள் கொண்டுவந்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். 2003-ல் பெர்லினில் கூடிய பிரெஞ்சு, ஜெர்மன் மாணவர்கள் இரு நாட்டுக்கும் பொதுவான வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று கேட்டார்கள். 2006-ல் முதல் பாகம் வந்துவிட்டது. மூன்று போர்களில் ஒருவரையொருவர் கொன்ற நாடுகள் அவை.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு முயற்சி. இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் பாலஸ்தீனக் கல்வியாளர் சமி அத்வானும் 2000-களின் தொடக்கத்தில் இரு தரப்பு ஆசிரியர்களையும் சேர்த்துப் பாடம் எழுதவைத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பத்தியில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, எதிர்ப்பத்தியில் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு. இரண்டுக்கும் நடுவே எதுவும் அச்சிடாத கோடுகள். இரண்டையும் படித்த மாணவர் தான் நினைப்பதை அங்கே எழுத வேண்டும். இரு தரப்பு அதிகாரிகளும் அந்தப் புத்தகத்தைப் பள்ளிகளில் அனுமதிக்கவில்லை. அந்த மண் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். என்றாலும் அந்த வெற்றுக் கோடுகள் நம் பள்ளத்தாக்குக்குப் பொருந்தும் என்று நம்புகிறேன். இங்கே குண்டு விழவில்லை. காலையில் அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்புகிறார். அவர்களால் எழுத முடிந்ததை நம்மால் எழுத முடியாதா?

ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். ஆசிரியர் கரும்பலகையில் 136, 142, 152 என்று மூன்று எண்களை எழுதுகிறார். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கண்டுபிடித்து வர வேண்டும். வீட்டில் தாத்தாவிடம் கேட்கலாம், பொதுப்பணித் துறை அலுவலகத்தில் கேட்கலாம். மறுவாரம் பாதிப் பிள்ளைகள் கூடலூர் விவசாயியாகவும் பாதிப் பேர் சப்பாத்துக் குடும்பமாகவும் பேச வேண்டும். அதன் பிறகு ஆசிரியர் இடம் மாற்றிவிட வேண்டும்: விவசாயியாகப் பேசியவர் இப்போது சப்பாத்துக்காரர். குத்தகைப் பத்திரம் கணக்கு வகுப்புக்குப் போகலாம். 999 ஆண்டு என்றால் எந்த நூற்றாண்டு வரை என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். அணையைக் கட்டிய சுண்ணாம்பும் சுர்க்கியும் எப்படி இறுகுகின்றன என்பது வேதியியல். சுரங்கம் வழியாக வந்து லோயர் கேம்பில் ராட்சதக் குழாய்களில் இறங்கும் தண்ணீர் எப்படி மின்சாரமாகிறது என்பது இயற்பியல். தனிப் பாடவேளை எதுவும் வேண்டாம்.

2023 மே மாதம் கம்பம் நகருக்குள் வந்த அரிக்கொம்பனை எந்தப் பிள்ளையும் மறந்திருக்காது. சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்ட யானை, மலை இறங்கித் தெருவில் நடந்தது. 144 தடை போட்டார்கள். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். மாநில எல்லையைக் காட்டு விலங்குக்கு யார் சொல்லித்தருவது என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப்பாருங்கள். அதிலிருந்து தொடங்கும் பேச்சு பருவநிலை மாற்றம் வரைக்கும் போகும்.

எந்த நாட்டுக் குடிமகள்?

தேனி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கிருந்து நம் அரசுப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களின் பெற்றோரில் பலரும் அப்படித்தான். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறப்பால் மட்டும் இந்தியக் குடியுரிமை இல்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. 1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. குடிமையியல் ஆசிரியர் "நாம் எல்லோரும் இந்தியக் குடிமக்கள்" என்று தொடங்கும்போது அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? தேசத்துக் குடிமையே கைக்கு வராத பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு உலகக் குடிமையைப் பேசும் ஆசிரியர் மிகுந்த கவனத்தோடு பேச வேண்டும். அகதி என்ற பாடத்தை சிரியாவிலிருந்து தொடங்குவதைவிடப் பக்கத்து பெஞ்சிலிருந்து தொடங்குவது சரி என்பது என் எண்ணம். அந்தப் பிள்ளை விரும்பினால் மட்டும்.

வசதி உள்ள பள்ளிகளில் இதெல்லாம் எப்போதோ வந்துவிட்டது. பெரியகுளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கொடைக்கானலில், அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளி, 1976 முதல் சர்வதேசப் பாடத்திட்டத்தை நடத்துகிறது. இந்தியாவில் அந்தப் பள்ளிக்குத்தான் அந்தப் பாடத்திட்டம் முதலில் வந்தது. மலையடிவாரத்து அரசுப் பள்ளிகளுக்கும் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 2022-லிருந்து சிறார் திரைப்படங்கள் திரையிடுகிறார்கள். போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை அந்த ஆண்டு ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அரசே விமானத்தில் அழைத்துப்போனது. மகிழ்ச்சி. ஆனால் ஷார்ஜாவுக்குச் சிலர்தான் போக முடியும். குமுளிக்கு எல்லோரும் போகலாம், பஸ் டிக்கெட்டில்.

ஆசிரியர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. முல்லைப் பெரியாறை வகுப்பில் எடுத்தால், கேரளத்துக்கு ஆதரவாகப் பேசினார் என்று மறுநாள் வாசலில் ஆள் நிற்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலிருந்து விளக்கம் கேட்பார்கள். தனியாக ஓர் ஆசிரியரின் தலையில் இதைக் கட்டுவது அநியாயம். அரசு அச்சிட்ட பாடத்தில் இருந்தால்தான் அவருக்கு அது கவசம்.

அதனால் தமிழ்நாட்டின் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் கேரளத்தின் அதே நிறுவனத்துக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டும் தமிழில் பாடநூல் தயாரிக்கின்றன. பெரியாற்றைப் பற்றி ஒரே ஒரு பாடத்தைச் சேர்ந்து எழுதுங்கள். இடது பத்தியில் கம்பம் பள்ளத்தாக்கு சொல்வது, வலது பத்தியில் வண்டிப்பெரியாறு சொல்வது, நடுவில் பிள்ளைகள் எழுத இடம். தேனியின் ஆசிரியர் கல்வி நிறுவனம் உத்தமபாளையத்திலேயே இருக்கிறது. இடுக்கியின் ஆசிரியர்களை அங்கே அழைத்துப் பேசவைப்பது பெரிய செலவு இல்லை. முதல் ஆண்டு மலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பள்ளி, அந்தப் பக்கம் பத்துப் பள்ளி போதும். தேர்வில் அதற்கு மதிப்பெண் வைக்காதீர்கள். தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்தில் அந்தப் பாடம் தொடங்கட்டும்.